மருத்துவக் கருவி ஆலைகளில் தரத் தணிக்கை: சான்றிதழ் எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை?

பெங்களூரு: கரோனா பெருந்தொற்றின் முதல் அலை பரவிக்கொண்டிருந்த 2020-ஆம் ஆண்டில், ராணுவத்துக்கு ரேடார் கருவிகளைத் தயாரித்து வந்த பெங்களூருவைச் சேர்ந்த பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸிடம் (பிஇஎல்) 30,000 செயற்கை சுவாசக் கருவிகளைத் தயாரிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. பிஎம் கேர்ஸ் நிதியிலிருந்து ரூ.2,000 கோடியில் வாங்கத் திட்டமிடப்பட்ட 50,000 வென்டிலேட்டர்களில் பெரும்பகுதி இது. மைசூருவைச் சேர்ந்த ஸ்கேன்ரே நிறுவனத்தின் தொழில்நுட்பமும் பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு அமைப்பின் (டிஆர்டிஓ) உதவியும் இத்திட்டத்துக்குக் கிடைத்தன.

அன்று இந்தியாவில் வென்டிலேட்டர் தயாரிப்பதற்கு உற்பத்தி உரிமம் கட்டாயமாக இருக்கவில்லை. இன்று அதே கருவியை அதே நகரில் தயாரிக்க வேண்டுமெனில், மத்திய அரசின் ஆய்வாளர்கள் ஆலைக்கு நேரில் வந்து தர மேலாண்மை அமைப்பைப் பரிசோதித்த பிறகே உரிமம் கிடைக்கும். இடைப்பட்ட சில ஆண்டுகளில் சட்டம் எவ்வாறு மாறியது, தணிக்கையாளர்கள் ஆலைக்குள் எதைத் தேடுகிறார்கள், அவர்கள் கையெழுத்திடும் அறிக்கையை நோயாளி எந்த அளவுக்கு நம்பலாம் என்பன குறித்துப் பார்ப்போம்.

சட்டம் வந்த வழி

இந்தியாவில் மருத்துவக் கருவிகளுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்கீழ், கருவிகளும் 'மருந்து' என்ற வரையறைக்குள் கொண்டுவரப்பட்டே ஒழுங்குபடுத்தப்படுகின்றன. 2005-ஆம் ஆண்டில் இதய ஸ்டென்ட், கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ், எலும்பு உள்வைப்புகள், செயற்கை இதய வால்வு உள்ளிட்ட 10 வகைக் கருவிகள் மட்டும் இவ்வாறு அறிவிக்கப்பட்டன. மற்றவை பல ஆண்டுகளுக்கு ஏறத்தாழ சாதாரண வணிகப் பொருள்களைப் போலவே சந்தையில் புழங்கின.

2017 ஜனவரி 31-இல் வெளியிடப்பட்ட மருத்துவக் கருவிகள் விதிகள், 2018 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தன. இவ்விதிகளின் ஐந்தாவது அட்டவணையே ஆலைகளின் தர மேலாண்மை அமைப்பு எவ்வாறு இருக்க வேண்டும் என்று வரையறுக்கிறது. ஐஎஸ்ஓ 13485 என்ற சர்வதேசத் தரநிலையை ஒட்டியே அது எழுதப்பட்டுள்ளது. 1996-இல் முதன்முதலில் வெளியான அத்தரநிலையின் இப்போதைய பதிப்பு 2016-ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

2020 பிப்ரவரியில் வெளியான அறிவிக்கையின்படி, அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் அனைத்து மருத்துவக் கருவிகளும் சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. எனினும், உரிமம் பெறுவதற்குக் கால அவகாசம் அளிக்கப்பட்டது. ஏ, பி பிரிவுக் கருவிகளுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், சி, டி பிரிவுகளுக்கு 2023 அக்டோபர் 1 முதலும் உரிமம் கட்டாயமானது. மருத்துவர் நாக்கை அழுத்திப் பார்க்கும் மரப்பட்டை ஏ பிரிவு. ஊசி பி பிரிவு. வென்டிலேட்டர் சி பிரிவு. இதய வால்வு டி பிரிவு. ஏ பிரிவிலும் கிருமிநீக்கம் தேவைப்படாத, அளவிடும் பணி இல்லாத கருவிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. பதிவு செய்தால் போதும்.

யார் ஆய்வு செய்வது என்பதும் இப்பிரிவுகளைப் பொறுத்தே அமைகிறது. ஏ, பி பிரிவுகளுக்கு மாநில அதிகாரிகள் உரிமம் வழங்குகின்றனர். ஆலைத் தணிக்கையை 'நோட்டிஃபைடு பாடி' எனப்படும் பதிவுபெற்ற தணிக்கை அமைப்புகள் மேற்கொள்கின்றன. இவை முதலில் இந்தியத் தரக் கவுன்சிலின் அங்கமான என்ஏபிசிபி வாரியத்தின் அங்கீகாரத்தைப் பெற்றிருக்க வேண்டும். பி பிரிவில் உரிமத்துக்கு முன்பே தணிக்கை முடிந்தாக வேண்டும். ஏ பிரிவில் முதலில் உரிமம் வழங்கப்பட்டு, 120 நாள்களுக்குள் தணிக்கை நடைபெறும். சி, டி பிரிவுகளில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் (சிடிஎஸ்சிஓ) மருத்துவக் கருவி அதிகாரிகளே நேரில் ஆய்வு செய்கின்றனர். ஒருமுறை வழங்கப்பட்ட உரிமத்துக்குக் காலாவதி கிடையாது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் செலுத்தினால் நீடிக்கும்.

பொருளைச் சோதித்தால் போதாதா?

தயாரித்த பொருளைச் சோதித்து அனுப்பினால் போதாதா, ஆலையின் காகிதங்களை ஏன் புரட்ட வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. மருத்துவமனைகளில் 'வென்ஃப்ளான்' என்று அழைக்கப்படும் கேனுலாவை எடுத்துக்கொண்டால் இதற்கு விடை கிடைக்கும். அது கிருமியற்றதாக இருக்கிறதா என்று அறிய உறையைப் பிரித்தாக வேண்டும். பிரித்துவிட்டால் அதை விற்க இயலாது. எனவே எல்லாவற்றையும் சோதிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

சிலவற்றை மட்டும் எடுத்துச் சோதிக்கலாம் என்றால், கணக்கு கைகொடுப்பதில்லை. ஒரு தொகுதியில் நூற்றுக்கு ஒன்று வீதம் கிருமித்தொற்று உள்ளதாகக் கொள்வோம். அதிலிருந்து 20 கேனுலாக்களை எடுத்துச் சோதித்தால், இருபதும் தூய்மையாகவே இருப்பதற்கு ஏறத்தாழ 82 விழுக்காடு வாய்ப்பு உள்ளது. அதாவது, மோசமான அந்தத் தொகுதி சோதனையில் எளிதாகத் தேறிவிடும். கிருமிநீக்கம் செய்யப்பட்ட கருவிகளிடம் மருத்துவ உலகம் எதிர்பார்க்கும் அளவோ, பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் கிருமி எஞ்சக் கூடாது என்பது. எந்த மாதிரிச் சோதனையாலும் இதை நிரூபிக்க முடியாது.

ஆகவே, பொருளுக்குப் பதிலாகச் செய்முறையை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமிநீக்கம் செய்யும் ஆலையில், வாயுவை எளிதில் தாக்குப்பிடிக்கும் பேசில்லஸ் அட்ரோஃபேயஸ் என்ற பாக்டீரியாவின் பத்து லட்சம் வித்துகள் கொண்ட பட்டைகளை, அறைக்குள் வாயு சென்றடையக் கடினமான இடங்களில் வைப்பார்கள். வழக்கமான நேரத்தில் பாதி மட்டும் வாயுவைச் செலுத்தி, அதிலேயே அனைத்து வித்துகளும் அழிந்தால், முழு நேரச் செயல்முறை போதிய பாதுகாப்பு உடையது என்று முடிவு செய்யப்படும். அதன் பிறகு அந்த வெப்பநிலை, ஈரப்பதம், வாயு அடர்த்தி, நேரம், பெட்டிகளை அடுக்கும் முறை ஆகியவற்றில் எதையும் ஆலை தன் விருப்பம்போல் மாற்ற முடியாது. கருவியில் எஞ்சும் வாயு நோயாளிக்குத் தீங்கானது என்பதால், காற்றோட்டத்தில் வைத்து அதை வெளியேற்றும் நேரமும் இதில் அடங்கும்.

தணிக்கையின் பொருள் இதுதான். ஆலை தனக்குத்தானே விதித்துக்கொண்ட அந்த நிபந்தனைகளை ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு தொகுதியிலும் கடைப்பிடித்ததற்குச் சான்று இருக்கிறதா என்று பார்ப்பது.

ஆலைக்குள் நடப்பது

அனுபவமுள்ள தணிக்கையாளர் பெரும்பாலும் பின்னோக்கியே நடப்பார். கிடங்கில் அனுப்பத் தயாராக உள்ள பெட்டிகளில் ஒன்றின் தொகுதி எண்ணைக் குறித்துக்கொள்வார். அந்தத் தொகுதியின் உற்பத்திப் பதிவேட்டைக் கேட்பார். அதில் கிருமிநீக்க அறையின் பதிவு, தூய்மை அறையில் அன்றைய தூசித் துகள்களின் எண்ணிக்கை, பயன்படுத்திய பிளாஸ்டிக் மூலப்பொருளின் வரவு எண் ஆகியவை இருக்க வேண்டும். வரவு எண்ணிலிருந்து மூலப்பொருளை வழங்கிய நிறுவனத்துக்குச் செல்வார்: அதை எப்போது, எந்த அடிப்படையில் ஆலை அங்கீகரித்தது? பரிசோதனையில் கையெழுத்திட்ட பணியாளருக்கு அந்த வேலைக்கான பயிற்சி, கையெழுத்திட்ட தேதிக்கு முன்பே அளிக்கப்பட்டதா? அவர் பயன்படுத்திய அளவுகோலின் துல்லியம் கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது?

இந்தச் சங்கிலியில் ஏதேனும் ஒரு கண்ணி அறுந்திருந்தால் அது குறைபாடாகப் பதிவாகும். ஒரு கையெழுத்து விடுபட்டிருப்பது சிறு குறைபாடு. கிருமிநீக்கச் செயல்முறை நிரூபிக்கப்படாமலேயே சரக்கு அனுப்பப்பட்டிருந்தால் அது பெருங்குறைபாடு. அது சரிசெய்யப்படும் வரை சான்றிதழ் கிடைக்காது.

தணிக்கையாளர்கள் நேரம் ஒதுக்கிப் பார்க்கும் மற்றொரு பகுதி, வாடிக்கையாளர் புகார்களும் அவற்றின் மீது எடுக்கப்பட்ட திருத்த நடவடிக்கைகளும். ஓர் ஆண்டில் ஒரு புகாரும் வரவில்லை என்று காட்டும் பதிவேடு பெருமைக்குரியதாகத் தோன்றலாம்; தணிக்கையாளருக்கோ அது சந்தேகத்தின் தொடக்கம். புகார் வந்த ஒவ்வொரு முறையும் 'பணியாளரின் கவனக்குறைவு' என்று காரணம் எழுதி, 'மீண்டும் பயிற்சி அளிக்கப்பட்டது' என்று முடித்துவைத்திருந்தாலும் அவ்வாறே. ஒரே கவனக்குறைவு மூன்று முறை நிகழ்ந்தால், தவறு ஆளிடம் அல்ல, வேலையின் அமைப்பில் இருக்கிறது.

ஒரே மையில், ஒரே சீரான கையெழுத்தில், மாதம் முழுவதற்கும் நிரப்பப்பட்ட வெப்பநிலைப் பதிவேடும் அப்படித்தான். ஆலையில் வேலை செய்பவர்களின் கைகளில் எண்ணெய்யும் அவசரமும் இருக்கும். உண்மையான பதிவேட்டில் அவற்றின் தடம் தெரியும்.

ஐஎஸ்ஓ சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்; இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு. எத்தனை நாள் தணிக்கை என்பது பணியாளர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. சிறு ஆலைகளில் சில நாள்களில் முடிந்துவிடும். அந்தச் சில நாள்களில் பார்க்கப்படுவதும் மாதிரிகளே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பெங்களூருவின் தனிச் சிக்கல்

பெங்களூருவின் ஒயிட்ஃபீல்டில் விப்ரோ ஜிஇ ஹெல்த்கேர் நிறுவனமும், பொம்மசந்திராவில் சீமென்ஸ் ஹெல்த்தினியர்ஸ் நிறுவனமும் ஸ்கேன் கருவிகள் தொடர்பான பணிகளில் ஈடுபட்டுள்ளன. பல நாடுகளின் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்குப் பதில் சொல்லிப் பழகிய இத்தகைய நிறுவனங்களில் தணிக்கைக்கெனவே தனித் துறைகள் உண்டு.

புதிதாகத் தொடங்கப்படும் சிறு நிறுவனங்களின் நிலை வேறு. வடிவமைப்பு ஓரிடத்தில், மின்சுற்றுப் பலகை பீன்யா தொழிற்பேட்டை போன்ற பகுதியிலுள்ள ஒரு பட்டறையில், பிளாஸ்டிக் கூடு மற்றொரு பட்டறையில், மென்பொருள் வேறொரு குழுவிடம் எனக் கருவி பல கைகளில் உருவாகிறது. பிறருடைய ஆலையில் தன் பெயரில் தயாரித்துக்கொள்ள 'கடன் உரிமம்' பெறவும் விதிகள் இடமளிக்கின்றன. ஆனால் பொறுப்பை அவ்வாறு கைமாற்ற இயலாது. பட்டறைக்காரர் செலவைக் குறைக்க ஒரு மின்தேக்கியை வேறு தயாரிப்புக்கு மாற்றினால், அதைத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு உரிமதாரரிடம் இருக்க வேண்டும் என்று தரநிலை எதிர்பார்க்கிறது. வாங்குதல் ஒப்பந்தத்தில் 'எந்த மாற்றத்தையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்' என்ற ஒரு வரி இருக்கிறதா என்று தணிக்கையாளர் தேடுவது இதனால்தான்.

மென்பொருளும் இதே கணக்கில் வருகிறது. கருவிக்குள் இயங்கும் மென்பொருள் மட்டுமின்றி, புகார்களைப் பதிவு செய்யவும் ஆவணங்களைப் பாதுகாக்கவும் ஆலை பயன்படுத்தும் மென்பொருளும் சரியாக இயங்குகிறது என்று நிரூபிக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டுப் பதிப்பின் நிபந்தனை. வாரந்தோறும் மென்பொருளைப் புதுப்பித்துப் பழகிய ஒரு நகரத்தில், ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி, சோதித்து, ஒப்புதல் பெற்ற பிறகே வெளியிட வேண்டும் என்ற ஒழுங்கு எளிதில் பழகுவதில்லை.

எட்டு முறை சென்றும் தெரியாதது

தணிக்கையின் எல்லையை உலகுக்குக் காட்டியது பிரான்ஸின் பாலி இம்ப்ளான்ட் புரோதீஸ் (பிஐபி) நிறுவனத்தின் மோசடி. மார்பக உள்வைப்புகளைத் தயாரித்த அந்நிறுவனம், மருத்துவத் தரமுள்ள சிலிக்கானுக்குப் பதிலாக மலிவான தொழிற்சாலைத் தர சிலிக்கானைப் பயன்படுத்தியது. 2010-இல் பிரான்ஸ் அதிகாரிகள் ஆலையைச் சோதனையிட்டபோது இது வெளிப்பட்டது. அதற்குள் பல நாடுகளில் லட்சக்கணக்கான பெண்களின் உடலில் அவை பொருத்தப்பட்டிருந்தன. நிறுவனர் ஜான் குளோட் மாஸுக்கு 2013-இல் நான்கு ஆண்டுகள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அந்த ஆலையின் தர அமைப்புக்குச் சான்றளித்தது ஜெர்மனியின் டியூவி ரைன்லாந்து. 1998 நவம்பர் முதல் 2008 நவம்பர் வரை அதன் தணிக்கையாளர்கள் எட்டு முறை ஆலைக்குச் சென்றனர். எட்டு முறையும் முன்கூட்டியே தெரிவித்துவிட்டே சென்றனர். கொள்முதல் கணக்குகளை ஒருமுறையும் பார்க்கவில்லை. உள்வைப்புகளைச் சோதனைக்கு அனுப்பவும் இல்லை. பார்த்திருந்தால், மருத்துவத் தர சிலிக்கான் எவ்வளவு வாங்கப்பட்டது, எத்தனை உள்வைப்புகள் விற்கப்பட்டன என்ற எளிய கூட்டல் கழித்தலே போதுமானதாக இருந்திருக்கும்.

பாதிக்கப்பட்ட ஒருவர் தொடுத்த வழக்கில் 2017 பிப்ரவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த விளக்கம் பலருக்கு ஏமாற்றம் அளித்தது. முன்னறிவிப்பின்றிச் செல்வது, கருவிகளைச் சோதிப்பது, வணிகக் கணக்குகளைப் பார்ப்பது ஆகியவை தணிக்கை அமைப்பின் பொதுவான கடமைகள் அல்ல. ஆனால் ஏதோ தவறு நடக்கிறது என்பதற்கான அறிகுறி தெரிந்தால் தேவையான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்தாக வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. அது பழைய சட்டத்தின் அடிப்படையிலான விளக்கம். ஐரோப்பாவின் புதிய ஒழுங்குமுறை, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது முன்னறிவிப்பற்ற தணிக்கையைக் கட்டாயமாக்கியுள்ளது.

இந்தியாவில் இந்திய மருத்துவக் கருவித் தொழில் சங்கமும் இந்தியத் தரக் கவுன்சிலும் இணைந்து 2016-இல் ஐசிமெட் என்ற தன்னார்வச் சான்றிதழ் திட்டத்தைத் தொடங்கின. 2021-இல் வெளியான அதன் 'பிளஸ்' வடிவம், தர அமைப்புத் தணிக்கையுடன் பொருளின் தரச் சோதனையையும் சேர்த்தது. பிஐபி விவகாரம் கற்றுத்தந்த பாடத்துக்கு அருகில் நிற்பது இத்திட்டம்தான். எனினும், சான்றளிக்கும் அமைப்புக்குக் கட்டணம் செலுத்துவது சான்று பெறும் ஆலையே என்ற அடிப்படை முரண் உலகெங்கும் தொடர்கிறது.

அமெரிக்காவில் மாற்றம்

ஏற்றுமதி செய்யும் பெங்களூரு ஆலைகள் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று அமெரிக்காவில் நிகழ்ந்துள்ளது. தனக்கெனத் தனி விதிகளை வைத்திருந்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்டிஏ), 2026 பிப்ரவரி 2 முதல் ஐஎஸ்ஓ 13485-ஐயே தன் விதிகளின் அடிப்படையாக ஏற்றுள்ளது. இரட்டை வேலை குறையும் என்று தொழில்துறையினர் இதை வரவேற்றனர். ஆனால் இதன் மறுபக்கம் கூர்மையானது. முன்பு, ஆலை தனக்குள் நடத்தும் உள்தணிக்கை அறிக்கைகளையும் நிர்வாக மறுஆய்வுக் குறிப்புகளையும் எஃப்டிஏ ஆய்வாளர்கள் வழக்கமாகக் கேட்பதில்லை. ஆலைகள் மனம்திறந்து தம் குறைகளை எழுதிக்கொள்ளட்டும் என்பதற்காக அளிக்கப்பட்ட சலுகை அது. புதிய விதியில் அந்தச் சலுகை இல்லை. இனி ஆலைகள் உள்தணிக்கையில் உண்மையை எழுதுமா, அல்லது ஆய்வாளர் படிப்பதற்கென்றே எழுதுமா என்பது கேள்விக்குறி.

ஆலையின் வாசலுக்கு அப்பால்

தணிக்கை எவ்வளவு கடுமையாக இருந்தாலும் ஆலையின் வாசலோடு அது முடிந்துவிட்டால் பயன் குறைவு. 2021 மே மாதத்தில், இரண்டாம் அலையின் உச்சத்தில், மத்திய அரசு வழங்கிய வென்டிலேட்டர்கள் சில மாநிலங்களில் பயன்படுத்தப்படாமல் கிடப்பதாகச் செய்திகள் வந்ததை அடுத்து, அவை நிறுவப்பட்ட விதத்தையும் இயக்கத்தையும் உடனடியாகத் தணிக்கை செய்யப் பிரதமர் உத்தரவிட்டார். கருவியை நிறுவுதலும் பராமரிப்புச் சேவையும் ஐஎஸ்ஓ 13485-இல் உற்பத்திக்குரிய அதே அத்தியாயத்தில்தான் இடம்பெற்றுள்ளன. கருவியை நிறுவிய பின் ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமல் போனால், அதுவும் தர அமைப்பின் குறையே.

இதைவிடப் பெரிய இடைவெளியைக் காட்டியது ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டெப்யூ நிறுவனம் தயாரித்த 'ஏஎஸ்ஆர்' இடுப்பு மூட்டு உள்வைப்பு. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் அது திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகளில் அது பயன்படுத்தப்பட்டிருந்தது. 2017-இல் மத்திய அரசு நிபுணர் குழுவை அமைத்து ஆராய்ந்தபோதும், அவர்களில் பெரும்பாலானோர் யார், எங்கே இருக்கிறார்கள் என்று கண்டறிய இயலவில்லை. ஆலையிலிருந்து மருத்துவமனை வரை தொகுதி எண் பயணித்தது. மருத்துவமனையிலிருந்து நோயாளி வரை பயணிக்கவில்லை.

இதைச் சரிசெய்யும் நோக்கில், ஒவ்வொரு கருவிக்கும் தனித்துவ அடையாள எண் 2022 ஜனவரி 1 முதல் இடம்பெற வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு விதிகளில் குறிப்பிடப்பட்டது. பின்னர் அந்தத் தேதி தள்ளிவைக்கப்பட்டது.

நோயாளிகள் பார்க்க வேண்டியது

இந்தியாவில் தயாராகும் உரிமம் பெற்ற கருவியின் உறையில் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உற்பத்தி உரிம எண், தொகுதி எண் ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். ஏ, பி பிரிவுகளுக்கு எம்.டி-5, சி, டி பிரிவுகளுக்கு எம்.டி-9 படிவத்தில் உரிமம் வழங்கப்படுகிறது. இறக்குமதிக் கருவிகளுக்கு எம்.டி-15. 'ஐஎஸ்ஓ சான்று பெற்றது' என்ற வாசகம் மட்டும் இருந்தால் அது உரிமத்துக்கு ஈடாகாது. உடலுக்குள் பொருத்தப்படும் கருவியாக இருந்தால், அதன் பெட்டியில் உள்ள ஒட்டுச்சீட்டின் ஒரு பிரதியை மருத்துவமனையிடம் கேட்டுப் பெற்று, சிகிச்சை ஆவணங்களுடன் பாதுகாக்கலாம்.

கருவியால் பாதிப்பு ஏற்பட்டதாகக் கருதினால், 2015 ஜூலையில் தொடங்கப்பட்ட இந்திய மருத்துவக் கருவிக் கண்காணிப்புத் திட்டத்தில் நோயாளிகளும் புகார் அளிக்கலாம். காஜியாபாதில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் இதை ஒருங்கிணைக்கிறது. கட்டணமில்லாத் தொலைபேசி எண்: 1800-180-3024. எதிர்பாராத தீவிர பாதிப்பு தனது கவனத்துக்கு வந்த 15 நாள்களுக்குள் உற்பத்தியாளரும் உரிமம் வழங்கிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அடுத்த தணிக்கையில் அந்தத் தேதியும் சரிபார்க்கப்படும்.